வேன் ஏறிப்போன பள்ளிக்கூடம்

பிள்ளைக்கு மூன்று வயது ஆனதுமே நாம் பள்ளிகளை ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், டீக்கடையிலும் நூறு நாள் வேலைத் தளத்திலும் இதே பேச்சுதான். வேன் வாசலுக்கே வருமா? டை, பெல்ட் உண்டா? பத்தாம் வகுப்பில் எத்தனை சென்டம்? அறந்தாங்கிப் பள்ளி, ஆலங்குடிப் பள்ளி, கீரமங்கலத்துப் பள்ளி எல்லாம் அந்தப் பேச்சில் வரும். ஊர்ப் பள்ளி வராது. போய்ப் பார்த்து, பிடிக்காமல் ஒதுக்கினோம் என்று சொல்லக்கூட முடியாது. நம்மில் பலர் அதற்குள் போவது ஓட்டுப் போடும் நாளில் மட்டும்தான்.

சமச்சீர்க் கல்வியை 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்குப் பிறகு மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் ஒன்றியப் பள்ளிப் பிள்ளையும் படிப்பது ஒரே பாடத்திட்டம். ஊர்ப் பள்ளி ஆசிரியர் அரசு வைத்த தகுதியில் தேறி வந்தவர். வேன் போகிற பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் நம் பக்கத்துத் தெருப் பெண். அவருக்கு என்ன சம்பளம் தருகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தேதான் டெர்ம் ஃபீஸ் கட்டுகிறோம்.

காரணம் கேட்டால் கையில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சர், எப்படிப் படிக்கும்?" நியாயமான கேள்வி. ஆனால் ஏன் இரண்டே ஆசிரியர்? கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு பணியிடம்தான். நூறு பிள்ளைகள் இருந்த பள்ளியிலிருந்து நாம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். எண்ணிக்கை இறங்கியது; ஆசிரியர்கள் வேறு ஊருக்குப் பணிநிரவலில் போனார்கள். மிஞ்சியவர்கள் ஐந்து வகுப்பை ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். அதைக் காட்டி அடுத்த வீட்டுக்காரரும் வேனுக்குப் பணம் கட்டினார். பணியிடத்தை நிரப்பாமல் இழுத்தடிக்கும் அரசுக்கும், பாடம் நடத்தவிடாமல் ஆன்லைன் பதிவேடுகளைத் திணிக்கும் துறைக்கும் இதில் பங்கு உண்டு. அதைப் பற்றிப் போதுமான அளவு பேசிவிட்டோம். நம் பங்கைத்தான் பேசியதில்லை.

2019 ஆகஸ்டில் பிள்ளைகளே இல்லாத பள்ளிகளை நூலகமாக்கியபோது நம் மாவட்டத்தின் குளத்தூரும் சின்னப்பட்டமங்கலமும் அதில் சிக்கின. செய்தி வெளியே வந்தபின் குளத்தூரில் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பள்ளி மறுபடி திறந்தது. அப்படியென்றால் ஊரில் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். பூட்டுத் தொங்கிய பிறகுதான் அது பள்ளிக்கூடம் என்பது நம் நினைவுக்கு வந்திருக்கிறது.

இதே மாவட்டத்தில்தான் பச்சலூர் நடுநிலைப் பள்ளியும் இருக்கிறது. குளிரூட்டிய வகுப்பறை, தொடுதிரைப் பலகை, சுத்தமான கழிப்பறை. ஆசிரியர்களும் ஊராரும் கொடையாளர்களும் சேர்ந்து தூக்கி நிறுத்திய பள்ளி. குளத்தூருக்கும் பச்சலூருக்கும் ஒரே அரசு, ஒரே சம்பளம், ஒரே சத்துணவு. நாம் பச்சலூரின் வீடியோவை வாட்ஸ்அப்பில் பகிர்கிறோம், "நம்ம மாவட்டம்" என்று மார்தட்டுகிறோம், மறுநாள் காலையில் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறோம். ஒரு தலைமையாசிரியர் வந்து எல்லாம் செய்துதர வேண்டும் என்று காத்திருப்பதும் கைகழுவுவதில் ஒரு வகைதான்.

ஐம்பதுகளின் கடைசியில் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டியபோது, அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்கள் பெஞ்சும் மணியும் கடிகாரமும் நிலமும் கொடுத்தார்கள். இன்று கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி போட்டால் சிங்கப்பூரிலிருந்தும் பணம் வருகிறது. பள்ளிச் சுற்றுச்சுவருக்குத் தலைக்கட்டு வரி போட்ட ஊர் எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 1991, 92இல் குவாரியில் கல் உடைத்த பெண்களும் வயலில் நாற்று நட்டவர்களும் ராத்திரியில் எழுத்துக் கூட்டினார்கள். பகலில் சைக்கிள் பழகினார்கள். இந்த மாவட்டத்தை நாடே திரும்பிப் பார்த்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் வெளியூரிலிருந்து வரவில்லை. நம் ஊர் இளைஞர்களும் ஆசிரியர்களும்தான். அப்படிக் கையெழுத்துப் போடக் கற்ற அம்மாக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வேனில் போகிறவர்கள்.

சொல்லத் தயங்குகிற ஒன்று மிச்சம் இருக்கிறது. பல ஊர்களில் நாம் பள்ளியை விட்டது ஆங்கிலத்துக்காக மட்டும் இல்லை. காலனிப் பிள்ளைகள் நிறையச் சேர்ந்தார்கள். அவர்கள் பக்கத்தில் நம் பிள்ளை உட்கார வேண்டியிருந்தது. "ஸ்டாண்டர்ட் இல்லை" என்று வெளியே சொன்னோம். மிச்சத்தை வீட்டுக்குள் சொல்லிக்கொண்டோம். 2023இல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த கையோடு, எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடாமல் விட்டார்கள். வேறு மாவட்டத்துச் சேதி என்று நாம் தள்ளிவிட்டோம். இங்கே அந்தப் பேச்சே எழவில்லை, ஏனென்றால் மறுக்க வேண்டியவர்கள் முன்பே வேன் ஏறிவிட்டார்கள்.

சட்டத்தையும் நமக்கு வேண்டிய அளவுக்குத்தான் படித்தோம். தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடம் தரும் 12ஆம் பிரிவுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பது நெட் சென்டர் பையன் வரை அத்துப்படி. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கும் பாதி இடம் பெண்களுக்கும் தருகிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டியது அந்தக் குழுதான். ஆனால் நம்மில் உறுப்பினரானவர்கள் செய்வது, நோட்டு வீட்டுக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. ஆசிரியர்களான நாமும் உத்தமர்கள் இல்லை. கூட்டம் நடத்தாமலே தீர்மானம் எழுதிவிடுவோம். நம் சொந்தப் பிள்ளைகள் டவுனில் வேறு பள்ளியில் படிக்கும்.

இப்போது மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. டீச்சர்கள் பேனர் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுக்கிறோம். புத்தகம், சீருடை, செருப்பு, காலைச் சாப்பாடு, இங்கிலீஷ் மீடியம் என்று அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்ல, தலையாட்டிக் கேட்கிறோம். எல்லாம் சொல்லி முடித்து, "அப்புறம் என்னம்மா, சேத்துவிடுங்களேன்" என்று கேட்டால், "நல்ல பள்ளிக்கூடந்தான் டீச்சர், ஆனா அங்க பிள்ளைகளே இல்லையே" என்கிறோம்.