ஜிம்முக்குள் ஊசி மருந்து: பதில் சொல்ல வேண்டியவர்கள் எங்கே?

ஆவடியை அடுத்த நெமிலிச்சேரியில் ஜிம் பயிற்சியாளராக இருந்த 25 வயது இளைஞர் 2023-ல் இறந்தார். உடம்பை ஏற்ற ஸ்டீராய்டு எடுத்துவந்தவர். சிறுநீரகங்கள் செயலிழந்தன. செய்தி ஓய்ந்தது. விற்பனை ஓயவில்லை.

தசை ஏற்றும் ஸ்டீராய்டுகளான டெஸ்டோஸ்டிரோனும் நாண்ட்ரோலோனும் அட்டவணை எச் மருந்துகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்பது குற்றம். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆனாலும் அந்த மருந்து ஜிம்முக்கு வருகிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு இது தெரியாதா? தெரியாது என்றால் அந்தத் துறை எதற்கு? தெரியும் என்றால் ஏன் கைகட்டி நிற்கிறது?

வாங்குபவர்கள் யார்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர், திருமழிசைத் தொழிற்பேட்டைகளிலும் ஷிஃப்ட் முடித்து வரும் பையன்களும் இதில் உண்டு. "ஒல்லிப்பிச்சான்", "நோஞ்சான்" என்று பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் கேலியை நகைச்சுவை என்று விற்றது நம் சினிமா. ஆண்பிள்ளை கண்ணாடி முன் கூசி நிற்பதை வீட்டில் யாரும் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை. கேட்கிற ஒரே ஆள் ஜிம்மில் இருக்கிறார். அவர் கையில் ஊசி இருக்கிறது.

அந்த ஊசி ஏறியதும் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது. விரை சுருங்குகிறது. விந்தணு குறைகிறது. நிறுத்தினால் தசை இறங்குகிறது, மனச்சோர்வு பிடிக்கிறது. தன்னம்பிக்கை தேடிப் போனவன் இருந்ததையும் இழக்கிறான். மறுபடி ஊசிக்கே போகிறான். இந்தச் சுழலில்தான் வியாபாரம் பிழைக்கிறது.

தோற்றத்தைத் தேடிப் போய் உயிர் போவது புதிதல்ல. 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொள்ளப் போன மருத்துவ மாணவர் உயிரிழந்தார். தலைமுடி நடுவதற்கான வழிகாட்டுதலைத் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட 2022 ஆனது. அத்தனை ஆண்டு மெத்தனத்தை இங்கே ஏற்க முடியாது. இதற்குப் புதுச் சட்டமும் தேவையில்லை. இருக்கும் விதியை நடைமுறைப்படுத்துங்கள்.

திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை ஒவ்வொரு ஜிம்மிலும் சோதனை நடக்க வேண்டும். ஊசி போட்ட பயிற்சியாளரோடு வழக்கு நின்றுவிடக் கூடாது. சீட்டில்லாமல் மருந்து கொடுத்த கடையின் உரிமம் ரத்தாக வேண்டும். மொத்த வியாபாரி பிடிபட வேண்டும். 2023-க்குப் பின் திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனை கடைகள்மீது நடவடிக்கை எடுத்தீர்கள்? மாவட்ட ஆட்சியரும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இயக்குநரும் அந்தக் கணக்கை ஒரு மாதத்துக்குள் மக்கள் முன் வைக்க வேண்டும்.