நிர்ப்பந்தம் கொலைக்கு அனுமதி ஆகுமா?



சென்ற வாரம் இஷாத் தொழுகை முடிந்து ரிஷிவந்தியத்தில் பள்ளிவாசல் படியில் அமர்ந்திருந்தோம். நம் மக்தபில் ஓதி முடித்து, இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். அதில் ஒரு வகுப்பறைக் காட்சி. ஆசிரியர் ஒருவர் நாடுகளைப் பட்டியலிடுகிறார்: வியட்நாம், லிபியா, சூடான், ஈராக், ஆப்கானிஸ்தான். ஒரே வல்லரசின் குண்டுகள் விழுந்த நாடுகள் அவை. "ஹஜ்ரத், ஜப்பான்காரனே உண்மையைச் சொல்லிட்டான் பாருங்க" என்றார் அந்த மாணவர். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனைவரும் அதைப் பாராட்டிப் பரப்பி வருவதாகவும் கூறினார்.

திரைப்படம் பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லை. எனினும், காணாத ஒன்றைக் கண்டிப்பது நீதியன்று. ஆகவே அந்தப் படத்தை முழுமையாகப் பார்த்தோம். அதன் பெயர் 'பேட்டில் ராயல் 2: ரெக்வியம்'. 2003-ஆம் ஆண்டு வெளிவந்தது. பார்த்த பின் நம் கண்டனம் கூடியதேயன்றிக் குறையவில்லை.

இதன் முதற்பாகம் 2000-ஆம் ஆண்டு வந்தது. 42 மாணவர்களை அரசே ஒரு தீவில் இறக்கிவிடுகிறது. கழுத்தில் வெடிக்கும் பட்டை. மூன்று நாள் கெடு. ஒருவர் மட்டும் உயிரோடு எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். இயக்குநர் கின்ஜி ஃபுகாசாகு, இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பதினைந்து வயதுச் சிறுவராக ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்து, குண்டுவீச்சில் மாண்ட தோழர்களின் உடல்களை அப்புறப்படுத்தியவர். பெரியவர்கள் தம் போருக்குப் பிள்ளைகளைத் தின்னக் கொடுக்கிறார்கள் என்ற அவருடைய கோபத்தில் உண்மை இருந்தது. கொல்ல மறுத்து, ஒலிபெருக்கியில் சமாதானத்துக்கு அழைக்கும் இரு மாணவியராவது அந்தப் படத்தில் உண்டு. இரண்டாம் பாகத்தைத் தொடங்கிய சில நாட்களில், 2003 ஜனவரியில் அவர் இறந்துவிட, மகன் கென்டா ஃபுகாசாகு படத்தை முடித்தார்.

இரண்டாம் பாகத்தில், முன்பு உயிர் தப்பிய இளைஞன் ஆயுதக் குழுவின் தலைவனாகி, பெரியவர்கள் அனைவர்மீதும் போர் அறிவிக்கிறான். படத்தின் தொடக்கத்திலேயே மாநகரின் கட்டடங்கள் தகர்ந்து விழுகின்றன. அவனைக் கொல்ல இன்னொரு வகுப்பு மாணவர்கள் கடத்தி அனுப்பப்படுகின்றனர். இருவர் இருவராகப் பட்டைகள் பிணைக்கப்பட்டுள்ளன. ஒருவர் இறந்தால் மற்றவரின் பட்டையும் வெடிக்கும். உன் உயிரும் பிறர் உயிரும் பிரிக்க முடியாதவை என்று உணர்த்த இந்த ஒரு கற்பனையே போதும். ஆனால் படமோ அதைத் துப்பாக்கி ஓசையில் தொலைத்துவிடுகிறது. கரையிறங்கும் பிள்ளைகள், அவர்களின் பெயர் நம் மனத்தில் பதியும் முன்பே மடிகிறார்கள். ஒரு பிள்ளையின் மரணம் பார்ப்பவரை உலுக்கவில்லையென்றால், அந்தப் படம் போரை எதிர்க்கிறது என்று எவ்வாறு சொல்வது?

இந்த வகைக் கதைகள் அனைத்தும் ஒரே சூத்திரத்தில் நிற்கின்றன: நிர்ப்பந்திக்கப்பட்டால் கொல்லலாம், வேறு வழியில்லை. பப்ஜி விளையாட்டை உருவாக்கியவரும் இந்த முதற்படத்தின் தாக்கத்தைக் குறிப்பிட்டவரே. 2020-இல் பப்ஜி கைப்பேசிச் செயலியையும் 2022-இல் ஃபிரீ ஃபயரையும் நம் நாட்டு அரசு தடை செய்தது. தடை செயலிக்கு வந்தது; சூத்திரமோ பிள்ளைகளின் மனத்தில் தங்கிவிட்டது.

நம் மார்க்கம் இந்தக் கேள்வியை நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டு, தெளிவாக விடை சொல்லியிருக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் 'இக்ராஹ்', அதாவது நிர்ப்பந்தம், என்று தனிப் பாடமே உண்டு. அம்மார் (ரலி) அவர்களை மக்காவின் இணைவைப்போர் வதைத்து, குஃப்ரின் வார்த்தையைச் சொல்ல வைத்தனர். உள்ளம் ஈமானில் உறுதியாக இருக்க, நிர்ப்பந்தத்தால் நாவு சொன்னதற்குக் குற்றமில்லை என்று திருக்குர்ஆன் (16:106) ஆறுதல் தந்தது. பசியால் உயிர் போகும் நிலையில், விலக்கப்பட்ட உணவுக்கும் சலுகை உண்டு (2:173). நிர்ப்பந்தத்துக்கு இவ்வளவு இரக்கம் காட்டும் மார்க்கம், ஓரிடத்தில் மட்டும் கதவை அடைத்துவிடுகிறது. 'அவனைக் கொல், இல்லையேல் உன்னைக் கொல்வேன்' என்று மிரட்டப்பட்டாலும் நிரபராதியைக் கொல்ல அனுமதி இல்லை. உன் உயிர் அவன் உயிரைவிட உயர்ந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதே காரணம்.

மீறிக் கொன்றால் கிஸாஸ் தண்டனை யார்மீது? நம் பகுதியில் பலரும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி நிர்ப்பந்தித்தவன்மீது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி இருவர்மீதும். தண்டனை யாருக்கு என்பதில் இமாம்கள் வேறுபட்டார்களே தவிர, அச்செயல் பாவம் என்பதில் வேறுபடவில்லை. ஆதம் (அலை) அவர்களின் மைந்தர் ஒருவர், தம்மைக் கொல்ல வந்த சகோதரனிடம், உன்னைக் கொல்ல நான் கை நீட்டமாட்டேன் என்று உரைத்த செய்தியைச் சூரா அல்மாயிதா (5:28) நமக்குச் சொல்கிறது.

இவையெல்லாம் ஏட்டுச் சட்டங்கள், நடைமுறையில் எங்கே வரும் என்று கேட்கலாம். தொலைவில் தேட வேண்டாம்; நம் மொழி பேசும் மண்ணிலேயே வந்தது. இந்தப் படம் திரைக்கு வந்த அதே 2003-இல், போர்நிறுத்தம் நிலவிய இலங்கையில், விடுதலைப் புலிகள் சிறார்களைப் படையில் சேர்த்துவந்ததை யுனிசெஃப் கண்டித்துக்கொண்டிருந்தது. பின்னர் பிரிந்த கருணா அணியும் அதையே செய்தது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட நம் சகோதரர்கள் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்த வடு இருந்தும் சொல்கிறோம்: தாயின் மடியிலிருந்து பிடுங்கப்பட்டு, கையில் துப்பாக்கி திணிக்கப்பட்ட பிள்ளையும் அநீதி இழைக்கப்பட்ட பிள்ளையே. உஹுதுப் போருக்கு ஆர்வத்துடன் வந்த பதினான்கு வயது இப்னு உமர் (ரலி) அவர்களைத் திருப்பி அனுப்பிய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். விரும்பி வந்த சிறுவரையே அவர்கள் போருக்கு ஏற்கவில்லை.

இனி, நம் மாணவரைக் கவர்ந்த பட்டியலுக்கு வருவோம். "அப்போ அந்த லிஸ்ட் பொய்யா ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார். பொய்யன்று, தம்பி. ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருப்பதாகச் சொல்லிப் படையெடுத்தார்கள்; அப்படியொரு ஆயுதம் அங்கே கிடைக்கவில்லை. நம் கண்ணீர் உண்மையானது. ஆகவேதான் அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தப் படம் அந்தக் கண்ணீரைக் காட்டி, கட்டடங்களைத் தகர்த்தவனை வீரனாக்குகிறது. அவனை இறுதியில் ஆப்கானிஸ்தானில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கு வாழும் மக்களோ கதாபாத்திரங்களாக வளரவில்லை. ஜப்பானிய நாயகனின் பின்னால் தெரியும் மலைகளைப் போல அவர்களும் பின்புலம் மட்டுமே. இதையா நம் இளைஞர்கள் நமக்கான குரல் என்று பரப்புகிறார்கள்?

ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது அல்லாஹ்வின் சட்டம் (6:164). 'பெரியவர்கள் அனைவரும் எதிரிகள்' என்ற அறிவிப்பு அந்தச் சட்டத்தின் நேர் எதிர். படை அனுப்பியபோதும் பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லாதீர்கள் என்று கட்டளையிட்டவர் அபூபக்ர் (ரலி).

நம் மாவட்டத்துக் கனியாமூரில் 2022 ஜூலை 17 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்ட கோபம் நியாயமான கோபம். ஆனால் கைப்பேசிச் செய்திகளால் திரண்ட கூட்டம் பள்ளிப் பேருந்துகளைக் கொளுத்தியது. மேசை நாற்காலிகளைத் தூக்கிச் சென்றது. யாதொரு குற்றமும் செய்யாத மாணவர்களின் சான்றிதழ்கள் சாம்பலாயின. நூற்றுக்கணக்கானோர் கைதாயினர்; அவர்களுள் இளைஞர் பலர். எரிந்த பேருந்து எந்தத் தாய்க்கு நீதி தந்தது?

'வெறும் படம்தானே' என்று சிலர் சொல்வர். வெறும் படம் என்றால் அதை 'உண்மை' என்று ஏன் பரப்புகிறீர்கள்? உண்மை என்று பரப்பினால், அதன் முடிவுக்கும் பொறுப்பேற்க வேண்டாமா?

பெற்றோரே, கைப்பேசியைப் பிடுங்குவதோடு கடமை முடிந்துவிடாது. பிள்ளை பார்ப்பதை ஒருநாள் அருகில் அமர்ந்து பாருங்கள். அவன் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லுங்கள். வரும் வாரம் முதல் மஃரிபுக்குப் பின் இக்ராஹ் பாடத்தை மாணவர்களுக்கு நடத்தவிருக்கிறோம். முதல் வரிசையில் அமர அந்த மாணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் பிள்ளைகளையும் அனுப்பி வையுங்கள்.

அநீதி கண்டு கோபப்படும் உள்ளத்தையும், அந்தக் கோபத்தில் அநீதி இழைக்காத கையையும் வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக! ஆமீன்.