கடலோடிய தம்பதியரும் குரங்கணி மலையும்



போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பங்கு ஒன்றிலிருந்து ஓர் அன்னையார் எழுதிய மடல் இம்மாதம் என் மேசைமீது இருக்கிறது. அயல்நாட்டில் பணிபுரியும் அவருடைய மகனும் மருமகளும் சென்ற ஆண்டு விடுமுறையில் செஷல்ஸ் தீவுகளுக்குச் சென்றார்களாம். அங்கே வேறொரு தம்பதியரோடு சேர்ந்து பாய்மரப் படகு ஒன்றை ஏழு நாளுக்கு வாடகைக்கு அமர்த்தி, தீவுக்குத் தீவு சுற்றி வந்தார்களாம். மருமகள் சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் கண்டு அன்னையார் இரண்டு இரவுகள் உறங்கவில்லை. அது முடிந்த கதை. இப்போது தங்கையின் திருமணத்திற்காகப் பிப்ரவரித் தொடக்கத்தில் ஊர் வரவிருக்கும் அவ்விருவரும், மார்ச் மாதத்தில் குரங்கணி வழியாக மலையேறத் திட்டமிட்டிருக்கிறார்கள். “நடுக்கடலையே பார்த்துவிட்டோம், வீட்டுக் கொல்லையில் நிற்கும் மலைக்கா அஞ்சுவது?” என்று மகன் கேட்கிறாராம். “நான் தடுக்கலாமா, கூடாதா? தடுத்தால் பழைய காலத்து மாமியார் என்று மருமகள் நினைப்பாளே” என்று முடிகிறது மடல்.

அம்மா, முதலில் ஒன்று. கணவனும் மனைவியும் ஆண்டுக்கு ஒருமுறை வேலையையும் தொலைபேசியையும் மறந்து இருவராகப் பயணம் போவதை நான் ஒருபோதும் ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். நம் தலைமுறையில் பலர் வேளாங்கண்ணிக்குக்கூடப் பத்துப் பேர் சூழத்தான் போனோம். ஆகவே அவர்கள் போவது பற்றிய வழக்கே இல்லை. எந்த மாதத்தில், யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் போகிறார்கள் என்பதே வழக்கு.

தங்கள் மகன் கடலைச் சான்றுக்கு அழைத்ததால் நாமும் கடலிலிருந்தே தொடங்குவோம். அவர்கள் ஏறிய படகுக்கு ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்று பெயர். நம்முடைய கட்டுமரந்தான் அது! சோழமண்டலக் கரையில் மரங்களைப் பிணைத்து மீனவர் கடலில் இறங்குவதைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, 1697-இல் அச்சான தம் பயண நூலில் இச்சொல்லை எழுதி வைத்தார். பிற்காலத்தில், பசிபிக் தீவினர் கட்டியது போன்ற இரட்டைப் படகுக்கு ஐரோப்பியர் இப்பெயரைச் சூட்டிவிட்டனர். 1876-இல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரெஷாஃப் என்பவர் இரட்டை உடல் கொண்ட பந்தயப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டினார். இன்று சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடுவது அந்த வழியில் வந்த வகையே. இரண்டு உடல்கள் அகன்று நிற்பதால் காற்றில் அதிகம் சாயாது. ஆழம் குறைந்த நீரிலும் மிதப்பதால் கரையை அண்டி நங்கூரமிடலாம். நம் மீனவர் கட்டுமரமோ, கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்தி, மறுபடி கட்டப்படுவது. பெயர் ஒன்று, பொருள் வேறு.

இப்படகுகளை வாடகைக்கு விடுவோரின் நடைமுறையைச் சற்றுக் கவனியுங்கள். தாமே ஓட்டிச் செல்ல விரும்பும் தம்பதியரிடம், இதற்குமுன் எங்கே, எவ்வளவு பெரிய படகை ஓட்டினீர்கள் என்று எழுதி வாங்குவார்கள். அதில் நிறைவில்லையென்றால் தங்கள் மாலுமி ஒருவரை உடன் அனுப்புவார்கள். புறப்படுமுன் கடல் வரைபடத்தை விரித்து, இந்த விரிகுடாவுக்குப் போகலாம், அந்தப் பாறைத்திட்டுப் பக்கம் போகலாகாது என்று விளக்குவார்கள். கதிரவன் மறையுமுன் நங்கூரம் இட்டுவிட வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் ஒப்பந்தத்திலேயே இருக்கும். இடர் நேர்ந்தால் வானொலியில் எந்த அலைவரிசையில் அழைப்பது என்பதும் முதல் நாளே சொல்லப்படும். தங்கள் பிள்ளைகளோடும் உள்ளூர் மாலுமி ஒருவர் சென்றார் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். மருமகள் சுக்கானைப் பிடித்து நின்ற அந்தப் படத்தில் அவர் தெரியமாட்டார். ஆனால் பக்கத்தில்தான் நின்றிருப்பார்.

இனி, தங்கள் கொல்லையில் நிற்கும் மலை.

போடியிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டரில், கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கின் உச்சியில் கிடக்கும் குரங்கணி, நெடுங்காலமாக உல்லாசப் பயணத்துக்குப் பேர்பெற்ற ஊரன்று. உழைப்புக்குப் பேர்பெற்றது. மூணாற்றுத் தேயிலை வெளியுலகுக்குச் சென்ற வழி இது. 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. அதில் வண்டிகளை எருதுகள் இழுத்தன. 1908-இல் அதுவே சிறிய ரயில் பாதையாயிற்று. மலையுச்சியிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக்கயிற்றில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வரும். மேலே ‘டாப் ஸ்டேஷன்’, நடுவே ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்று இன்றும் வழங்கும் பெயர்கள் அந்நாளின் எச்சங்களே. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மேலேயிருந்த ரயில் பாதையை அடித்துச் சென்றது. பெயர்கள் மட்டும் மலையிலேயே தங்கிவிட்டன. போடிக்கு ரயிலே 1928-இல்தான் வந்தது. அகலப்பாதைக்காக 2010-இன் முடிவில் நிறுத்தப்பட்டு, 2023 ஜூனில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்றும் போடிப் பக்கத்துத் தம்பதியர் எத்தனையோ பேர் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, ஏலத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத் திரும்புகிறார்கள். மேற்கே மலையில் ஆயுளெல்லாம் கழித்த அவர்களை எவரும் மலையேற்ற வீரர் என்று அழைப்பதில்லை. ஆனால் மலையைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் நானும் என் மனைவியும் குரங்கணியிலிருந்து மேலே நடக்கத் தொடங்கினோம். காலை பத்து மணி இருக்கும். கோவேறு கழுதைகளில் அரிசி மூட்டை ஏற்றி வந்த முதியவர் ஒருவர் எங்களை நிறுத்தினார். “இந்நேரத்துக்கு மேல ஏறாதீங்க ஐயா. புல்லு காஞ்சு கெடக்கு, காத்து மேல அடிக்கும்” என்றார். மூட்டை சுமந்து அவர் மட்டும் போகலாமோ என்று எனக்குச் சினம். என் மனைவிதான் “பெரியவர் சொல்கிறார், திரும்புவோம்” என்றாள். திரும்பினோம். அன்று மலையில் ஒன்றும் நிகழவில்லை. அதனால் பல நாள் அவளிடம் குறைபட்டுக்கொண்டேன். 2018 வந்த பிறகு அதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

2018 மார்ச் 11, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. சென்னையிலிருந்து வந்த குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து வந்த குழுவுமாக முப்பதுக்கு மேற்பட்டோர், முதல் நாள் கொழுக்குமலைக்கு ஏறி, அங்கே தங்கி, அன்று குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தனர். பெண்கள் பலர். மணமாகிச் சில மாதங்களே ஆன தம்பதியரும் இருந்தனர். அந்தத் தடத்திற்கு வனத்துறையின் அனுமதி இல்லை. புல்வெளிச் சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. முதலில் மேலே ஓடியவர்கள் மலைவாழ் மக்களும் உள்ளூராருமே. போர்வைகளில் தொட்டில் கட்டி, காயம்பட்டோரை இருட்டில் சுமந்து இறக்கினார்கள். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. மலையிலேயே மாண்டவர்களோடு, மருத்துவமனைகளில் நாள்கணக்கில் போராடி மாண்டவர்களையும் சேர்த்து, இருபதுக்கு மேற்பட்டோரை இழந்தோம்.

தங்கள் மகன் படித்தவர். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: மலைச்சரிவில் தீ சமவெளியில் போல நடப்பதில்லை, ஏறுகிறது. சாய்ந்த நிலத்தில் சுவாலை மேலேயுள்ள புல்லை நெருங்கிச் சுட்டு, தான் சேருமுன்பே அதைக் காயவைத்துவிடுகிறது. பகலில் வெயிலேறிய பள்ளத்தாக்கிலிருந்து காற்றும் மேல்நோக்கியே வீசும். அந்த முதியவர் சொன்ன ‘காத்து மேல அடிக்கும்’ என்பது இதுதான். சரிவு செங்குத்தாக ஆக, தீயின் வேகமும் கூடும். எனவே உயிர் பிழைக்க மேலே ஓடுகிறவரைத் தீ எளிதில் முந்திவிடும். ஓடைப் பள்ளமோ புகைபோக்கியைப் போல் அனலை இழுக்கும். அகப்பட்டவர் நாட வேண்டியவை புல் முளைக்காத பாறை, அல்லது ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலம். இன்னொன்று, மருமகளுக்கும் பயன்படும்: நைலான், பாலியெஸ்டர் ஆடைகள் அனலில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி உருகாது.

வடகிழக்குப் பருவமழை தணிந்து தை கழியுமுன் அச்சரிவுகள் பச்சையாகவே இருக்கும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து பழுப்பேறும். இதில் நம் குடும்பங்களுக்கென்றே ஓர் இடுக்கண் உண்டு. எவரும் அதிகம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தவக்காலத்தில் நாம் திருமணம் வைப்பதில்லை. எனவே சாம்பல் புதனுக்குமுன் ஜனவரி, பிப்ரவரியில் கோவில்தோறும் திருமணங்கள் குவிகின்றன. விருந்தும் மறுவீடும் முடிந்து புதுத் தம்பதியர் ‘எங்காவது மலைப்பக்கம்’ என்று கிளம்பும் வாரங்கள் சரியாகக் காட்டுத்தீயின் வாரங்களாகவே அமைந்துவிடுகின்றன! தேதி குறிக்கும்போது ஆலய நாட்காட்டியைப் பார்க்கிறோம். மலையின் நாட்காட்டியை எவர் பார்க்கிறோம்?

அரசு இப்போது பார்க்கிறது. 2018 அக்டோபரில் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 தடங்கள் முறையாகத் திறக்கப்பட்டன. அவற்றுள் தேனி மாவட்டத்தில் குரங்கணி - சாம்பலாறு தடமும் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். மலையோரச் சிற்றூர்களிலிருந்து பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவார்கள். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீப்பருவம் என்று சொல்லி எல்லாத் தடங்களையும் மூடிவைத்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த முதியவர்தான் நினைவுக்கு வந்தார்.

ஆகவே தாங்கள் ‘மலைக்குப் போகாதே’ என்று சொல்ல வேண்டா. தங்கள் மகன் அதைத்தான் எதிர்பார்த்து, விடையோடு காத்திருக்கிறார். ‘மார்ச் வேண்டாம்’ என்று மட்டும் சொல்லுங்கள். திருமணத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, ஜனவரியிலேயே வந்துவிடச் சொல்லுங்கள். அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் பெற்று, விடியற்காலையில் ஏறி, வெயில் முற்றுமுன் இறங்கட்டும். நண்பர் யாராவது ‘சீட்டெல்லாம் வேண்டாம், எனக்குத் தெரிந்த குறுக்கு வழி இருக்கிறது’ என்று முன்வந்தால், அந்த நண்பருக்குத் தாங்கள் நல்ல காப்பி ஒன்று போட்டுக் கொடுத்து வீட்டிலேயே அமர்த்திவிடுங்கள். மார்ச்சில்தான் விடுப்பு என்றால், சாலை வழியே போடிமெட்டுக்குப் போய்வரலாம். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தைக் காண வேண்டுமென்றால் சூரியநெல்லியிலிருந்து ஜீப் போகிறது. ஏலக்காய் ஏலம் நடப்பதைப் போடியிலேயே பிறந்தவர்களுள்கூடப் பலர் பார்த்ததில்லை.

பழைய காலத்து மாமியார் என்ற அச்சம் தங்களுக்கு வேண்டாம். அதற்கு மருமகளையே துணைக்கு அழைக்கலாம். மகன் இல்லாத வேளையில் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஏழு நாளில் படகு மாலுமி அவர்களிடம் எத்தனை முறை “இன்று வேண்டாம்” என்று சொன்னார், அப்போது இருவரில் யார் முணுமுணுத்தார் என்று அவளிடம் கேளுங்கள். விடையை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.