பழுது பார்க்கும் நேரத்துப் புகை

புனே நகரவாசிகளுக்கு வியாழக்கிழமை என்றாலே தண்ணீர்க் கவலைதான். குழாய்களையும் நீரேற்று நிலையங்களையும் செப்பனிடுவதற்காகப் பல வியாழக்கிழமைகளில் மாநகராட்சி தண்ணீரை நிறுத்துகிறது. எந்தப் பேட்டையில் எத்தனை மணி வரை வராது என்பதை முன்கூட்டியே பத்திரிகைகளில் தெரிவித்தும் விடுகிறது. தமிழ்நாட்டில் துணை மின்நிலையப் பராமரிப்பை ஒட்டி வெளியாகும் மின்தடை அறிவிப்பும் இத்தகையதே. அதிலுள்ள ஊர்ப் பெயர்களைத் தேடிப் பார்த்து, மாவரைக்கும் வேலையை முதல் நாளே முடித்துக்கொள்ளாத குடும்பம் உண்டோ? இந்த மரியாதை காற்றுக்கு மட்டும் கிடையாது. ஆலையின் தூசி பிடிக்கும் கருவியைக் கழற்றிப் பழுது பார்க்கும்போது, அந்தப் புகைபோக்கியின் காற்று வீசும் திசையில் குடியிருப்போருக்கு ஒரு வரி அறிவிப்பேனும் வந்ததாக நான் கண்டதில்லை.

சில காலத்துக்கு முன் இப்பொருள் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்ய நேர்ந்தது. யந்திரங்களைப் பழுது பார்க்கும் காலத்தில் ஆலைகளுக்கு விதிகளிலிருந்து அளிக்கப்படும் தற்காலிகச் சலுகையைக் குறிக்க அதில் ஆளப்பட்டிருந்த சொல்லுக்கு, அகராதி தரும் முதற்பொருள் 'நிவாரணம்' என்பதாகும். வெள்ளத்தில் வீடிழந்தவருக்கும் பஞ்சத்தில் அடிபட்டவருக்கும் உரிய சொல் அது. புகை விடுபவருக்கு நிவாரணம் என்று எழுதக் கை வரவில்லை. 'தளர்வு' என்று எழுதி முடித்தேன். மொழிபெயர்ப்பாளனின் சில்லறைத் தொல்லை இது என்று ஒதுக்கிவிடலாம். எனினும் இந்தத் தளர்வு யாருக்காக, யாருடைய சம்மதத்தின் பேரில் என்னும் கேள்வி என்னை விட்டபாடில்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன கூறுகிறது? 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாக் காலத்திலும் நன்கு இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும் என விதிக்கிறது. 22-ஆம் பிரிவு, வரையறுத்த அளவுக்கு மேல் மாசு வெளியேறலாகாது என்கிறது. விபத்தாலோ எதிர்பாராத நிகழ்ச்சியாலோ அளவு மீறினால், அல்லது மீறும் என அஞ்சப்பட்டால், உடனே மாநில வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 23-ஆம் பிரிவு. திட்டமிட்ட பழுதுபார்ப்புக்கு இவற்றுள் தனி இடம் இல்லை. ஆகையால் அது ஒன்று மௌனத்தில் மறைகிறது, அல்லது 'எதிர்பாராதது' என்னும் போர்வைக்குள் புகுந்துகொள்கிறது. இது முறையன்று என்பது என் அபிப்பிராயம். வடிகட்டிப் பை கிழியும் என்பது அதை வாங்கிய நாளிலேயே தெரிந்த விஷயம். தேய்மானத்தை விபத்து என்று எந்த யந்திர நிபுணரும் சொல்லமாட்டார்.

சில மணி நேரந்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆசிரியர்கள் இதை வகுப்பில் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டலாம். மின்னேற்றத்தால் தூசியைத் தகடுகளில் படியச் செய்யும் கருவி ஒன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைப் பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே போவது ஒரு பங்கு. உலை முழு வேகத்தில் எரிய, கருவியை மட்டும் நிறுத்தினால் நூறு பங்கும் வெளியேறும். அதாவது ஒரு மணி நேர ஓய்வு, நூறு மணி நேரப் புகைக்குச் சமம். ஆறு மணி நேரம் நிறுத்தினால் அறுநூறு மணி, அதாவது இருபத்தைந்து நாள்களின் தூசி ஓர் இரவில் ஊர்மேல் இறங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், ஆண்டு முழுவதற்குமான மொத்தத்தில் இது நூற்றுக்கு ஏழு பங்குக்கும் குறைவான ஏற்றமாகவே தெரியும். ஆண்டறிக்கையைப் படிப்பவர் ஒன்றும் காணமாட்டார். அவ்விரவில் இருமிய ஆஸ்த்மா நோயாளிக்குத்தான் தெரியும்.

ஆலைத் தரப்பு நியாயத்தையும் கூறவேண்டும். எல்லா உலைகளையும் விளக்கை அணைப்பதுபோல் அணைத்துவிட முடியாது. சிமெண்டுச் சூளையைத் திடீரெனக் குளிரவிட்டால் உள்ளே பதித்த செங்கல் வெடிக்கும். கந்தக அமில ஆலையில் வினையூக்கி போதிய சூடேறும் வரை கந்தக டை ஆக்சைடு முழுவதும் மாறாமல் வெளியேறுவதால், நிறுத்தி மீண்டும் தொடங்குவதே ஒரு மாசுக்குக் காரணமாகும். சூளையில் கார்பன் மோனாக்சைடு மிகுந்தால் தீப்பொறி பட்டு வெடிக்காதிருக்க, மின்தூசிக் கருவி தானே நின்றுவிடும்படி அமைத்திருப்பதும் உண்டு. 2003-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்துறையினருடன் வகுத்த சாசனத்தில், இத்தகைய நிறுத்தங்களைக் குறைக்கவேண்டும் என்பதும் ஓர் அம்சமாக இடம் பெற்றது. ஆனால் பல அறைகள் கொண்ட பை வடிகட்டியில் ஓர் அறையை மூடிப் பைகளை மாற்றும்போது மற்றவை வேலை செய்யும். அந்த ஓர் அறையைக் கூடுதலாகக் கட்டும் செலவை மிச்சப்படுத்தியவர் பின்னர் தளர்வு கேட்டு வருவதே எனக்கு உடன்பாடில்லாதது.

கொதிகலன்களின் சரித்திரம் இங்கு நினைவுகூரத்தக்கது. 1863-இல் கல்கத்தாவில் கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டபின் வங்காளத்தில் முதற்சட்டம் பிறந்தது. பின்னர் நாடு முழுமைக்கும் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்பட்டது. அதன் இடத்தில் இப்போது 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொதிகலனை நிறுத்தி, குளிரவிட்டு, ஆய்வாளரிடம் காட்டியே சான்றிதழ் பெறவேண்டும். காப்பு வால்வைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிக்கொள்கிறோம் என்று எவரும் மனுப் போடுவதில்லை. கொதிகலன் வெடித்தால் சாவது ஆலைக்குள் இருப்பவர். புகைபோக்கியின் சங்கதி வேறு.

காப்புக் கருவிகள் பழுதில் கிடக்க, ஆபத்தான பொருள் மட்டும் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் போபாலே சாட்சி. 1984 டிசம்பர் 2 இரவில், கசியும் வாயுவை எரிக்கவேண்டிய கோபுரம், அரித்துப்போன குழாய்த் துண்டு கழற்றப்பட்ட நிலையில் செப்பனிடுதலுக்காகக் காத்திருந்தது. வாயுவைக் காரநீரால் கழுவும் சாதனம் இயக்கத்தில் இல்லை. தொட்டியைக் குளிர்விக்கும் யந்திரம் மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது.

நம் வாசகர்கள் நன்கறிந்த தூத்துக்குடி நிகழ்ச்சி வேறு வகையில் பாடமாகும். 2013 மார்ச் 23 காலையில் கண்ணெரிச்சலும் தொண்டை அடைப்பும் ஏற்பட்டதாக மக்கள் முறையிட்டனர். மாநில வாரியம் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூட மார்ச் 29-இல் உத்தரவிட்டது. ஆலையோ, தான் அப்போது பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்ததாகவும், மீட்டர் காட்டிய மிகை அளவு கருவியைச் சரிபார்த்தபோது எழுந்தது என்றும் வாதிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மே 31-இல் ஆலையைத் திறக்க அனுமதித்தது. 2018-இல் அவ்வாலை மூடப்பட்டது தனிக் கதை. 2013-இல் எவர் பக்கம் உண்மை என்று தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. அளக்கும் கருவியே பழுதுபார்ப்பில் இருக்கும் நாளில், ஆலைக்கு வெளியே வேறொருவர் கையில் ஓர் அளவு இல்லாவிட்டால், இரு தரப்பாரும் ஊகத்தைக் கொண்டே வாதாட நேரும். அளவீடு மிகத் தேவைப்படுவது அந்த நாளிலேதான்.

கலிபோர்னியாவின் தென்கரைப் பகுதியில் தளர்வு வேண்டும் ஆலை, ஐவர் அடங்கிய விசாரணைக் குழுவின் முன் பகிரங்கமாக விண்ணப்பிக்கிறது. அவருள் ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் பொறியியலாளர், ஒருவர் மருத்துவத்துறையினர், இருவர் பொதுமக்கள். உற்பத்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ யோசித்ததுண்டா என்பது அங்குக் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று. குறுகிய காலத் தளர்வுக்கு 90 நாள் எல்லை. அங்கும் எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பம் பகிரங்கமானது என்பது ஒன்றே நமக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது. தளர்வே கூடாது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொன்னால் பழுது இரவில் போய் ஒளிந்துகொள்ளும்.

இரவு என்பதும் சாமானியமான சங்கதி அன்று. மலைகள் சூழ்ந்த புனேயில் பனிக்கால இரவுகளில் தரை குளிர்ந்து, மேலே வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும். வெயில் ஏறும்வரை புகை அடியிலேயே தேங்கும். நடுப்பகலில் காற்று கலங்கும்போது செய்யக்கூடிய வேலையை, எவர் கண்ணிலும் படாதிருக்க இரவில் செய்வது இரட்டைத் தீங்கு. இந்நகரிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகம், 'சஃபர்' ஏற்பாட்டின் மூலம் 2010-இல் தில்லிக்கும் 2013-இல் புனேக்கும் காற்றின் தரத்தை முன்னறிவிக்கத் தொடங்கியது. அம்முன்னறிவிப்பைப் பார்த்துப் பழுதுக்கு நாள் குறிப்பதில் ஆலைகளுக்கு என்ன தடை? கள அலுவலர்கள் ஒப்புதல் ஆணையைப் புதுப்பிக்கும்போது பராமரிப்பு அட்டவணையையும் கேட்டு வாங்கலாம். அறிவிப்புக்கு வேண்டிய வாசகமும் நீண்டதன்று: இன்ன ஆலையில் இன்ன நாள் பகல் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை தூசி வடிகட்டி இயங்காது, உலை பாதி அளவில் எரியும், காற்று கிழக்கு நோக்கி வீசும், அத்திசையிலுள்ள பள்ளிகள் குழந்தைகளை மைதானத்துக்கு அனுப்பவேண்டாம். இதை மராத்தியிலோ தமிழிலோ பெயர்த்துத் தர என் போன்றவர்களுக்குக் கால் மணி நேரம் போதும்.