நம்ம ஊர்ல எங்க எடுத்தாங்க?

சாரல் மாதத்தில் குற்றாலத்து டீக்கடைகளில் 'அருவியில தண்ணி விழுதா?' என்ற பேச்சு முடிந்தால் அடுத்தது சினிமாதான். 'படம் எப்படி அண்ணாச்சி?' என்பது முதல் கேள்வி. 'நம்ம ஊர்ல எங்க எடுத்தாங்க?' என்பது அடுத்தது.

கேட்கக் காரணம் உண்டு. 1992-ல் வந்த 'ரோஜா' நாயகியின் ஊர், தென்காசிக்குப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம். 2005-ல் வந்த 'அந்நியன்' பாட்டுக்காக அந்தப் பக்கத்துப் பாறைகளில் நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். 'அந்நியன் பாறை' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

எல்லாப் படப்பிடிப்பும் இப்படிச் சுமுகமாக நடப்பதில்லை. 2023 ஏப்ரலில் மத்தளம்பாறைப் பகுதியில் நடந்த தனுஷின் 'கேப்டன் மில்லர்' படப்பிடிப்பை, உரிய அனுமதி இல்லை என்று மாவட்ட நிர்வாகம் நிறுத்தியது. எப்போது ரிலீஸ் என்று காத்திருந்த ரசிகர்களுக்கு வருத்தம்தான். ஆனால், மலையடிவாரக் காடு நன்றாக இருந்தால்தானே குற்றாலத்தில் தண்ணீர் விழும்? 2024 பொங்கலுக்குப் படமும் வந்துவிட்டது.

அனுமதி சினிமாக்காரர்களுக்கு மட்டும்தானா? பாறையைப் பார்க்கப் போகிறவர்கள், வழியில் பூத்திருக்கும் சூரியகாந்தி வயலுக்குள் செல்ஃபிக்காக இறங்கிவிடுகிறார்கள். மிதிபடும் ஒவ்வொரு செடியும் விவசாயிக்கு நஷ்டம். இறங்கும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாமென்றால் வரப்பில் நின்றே எடுங்கள். படம் அங்கிருந்தும் அழகாகத்தான் வரும்.