மலையைக் காலி பண்ணுனா பாதுகாப்பு வந்துருமா?



வருசநாடு, மேகமலைப் பக்கம் குடியிருக்கிற ஜனங்களைக் கீழே இறக்கணும்னு பேச்சு கிளம்பும்போதெல்லாம் ஒரு வாதமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. "மலையில ஆள் இருந்தாத்தானே நக்சல் வருவான்? சோறு போடுவாங்க, ஒளிச்சு வைப்பாங்க. ஆளே இல்லைன்னா அவனுக்கு அங்க என்ன வேலை?" டீக்கடையிலும் இதைக் கேட்கிறோம், நாலு எழுத்து படித்தவர்கள் வாயிலும் கேட்கிறோம்.

புலிக்காக, வைகைத் தண்ணிக்காகக் காடு வேணும் என்பது ஒரு தனி வாதம். அதில் நியாயம் இருக்கு, அதைப் பிறகு பார்ப்போம். ஆனா இந்தப் 'பாதுகாப்பு' வாதம் ராணுவக் கணக்குப்படியே தப்பு.

பயம் சும்மா வந்ததுன்னு சொல்லவில்லை. 2007-இல் பெரியகுளம் முருகமலைக் காட்டில் மாவோயிஸ்ட் ஆயுதப் பயிற்சி நடப்பதாகப் போலீஸ் புகுந்து கைது செய்தது. அடுத்த வருசம் கொடைக்கானல் பக்கம் வடகவுஞ்சியில் துப்பாக்கிச் சூடு, ஒரு உயிர் போனது. 2020 நவம்பரில் வயநாட்டுக் காட்டில் கேரளாவின் தண்டர்போல்ட் படை சுட்டுக் கொன்ற இளைஞர் நம்ம பெரியகுளம் பகுதிக்காரர்தான். துப்பாக்கியைத் தூக்கினால் உரிமை வந்துரும்னு நம்பிப் போன பிள்ளைகள் பிணமாகவோ கைதியாகவோதான் திரும்பினார்கள். அந்த வழியை நாம் எந்தக் காலத்திலும் ஏற்கவில்லை.

ஆனா ஒன்றைக் கவனிங்க. அந்த இயக்கம் நம்ம மாவட்டத்தில் வேர் பிடிக்கவே இல்லை. ஏன்?

எல்லையில் நடக்கும் போரில் பீரங்கி எத்தனை, விமானம் எத்தனைன்னு எண்ணலாம். மரபுசாராப் போரில் அந்த எண்ணிக்கை உதவாது. காட்டுக்குள் பத்துப் பேர் இருப்பான், ஆயிரம் பேர் தேடுவான். அந்தப் பத்துப் பேருக்கு அரிசியும் செய்தியும் ஊரிலிருந்துதான் போகணும். ஊர் கதவைச் சாத்திவிட்டால் பத்துப் பேரும் பட்டினி. ஊர் வாயை மூடிக்கொண்டால் ஆயிரம் பேரும் குருடர்கள். ரெண்டு தரப்புக்கும் கோட்டை ஒன்றுதான், அது மக்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு கோபமே இல்லாத ஊரா? 2011 டிசம்பரை மறந்துருப்போமா? முல்லைப் பெரியாறுக்காகக் கம்பம், கூடலூர்னு ஊர் ஊரா ஜனம் ஆயிரக்கணக்கில் குமுளியைப் பார்த்து நடந்தது. 144 போட்டார்கள், தடியடி நடத்தினார்கள். ஆனாலும் அந்தக் கோபம் காட்டுக்குள் போகவில்லை. தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்று, 2014 மே 7-இல் 142 அடிக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வாங்கியது. வழி திறந்திருக்கிற ஊரில் துப்பாக்கிக்காரன் சொல்லை எவன் கேட்பான்?

வழியை அடைத்தால் என்ன ஆகும்? மிசோரம் போய்ப் பாருங்க.

1959-இல் அங்கே மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் எலி பெருகும், எலி பெருகினால் விளைச்சல் போகும், பஞ்சம் வரும் என்று மலைமக்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அன்றைய அசாம் அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஞ்சம் வந்தது. அரிசி சுமந்து உதவ லால்டெங்கா ஒரு பஞ்ச நிவாரண முன்னணி தொடங்கினார். 1961-இல் அதுவே மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966-இல் ஆயுதக் கலகம். அய்ஸால் நகரத்தின் மேல் இந்திய விமானப்படையே குண்டு போட்டது. சொந்த நாட்டு ஊர் மேல!

அதோட நிற்கவில்லை. 1967-இலிருந்து மலைக் கிராமங்களைக் காலி செய்து, வீடுகளைக் கொளுத்தி, ஜனங்களை ரோட்டோர முள்வேலிக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். அதுக்கு வைத்த பேர் 'பாதுகாக்கப்பட்ட, முன்னேறும் கிராமம்'. பேரைப் பாருங்க! காடு எங்கேயோ, வேலி எங்கேயோ. விதைத்தவன் ரேஷனுக்குக் கையேந்தினான். அதனால் சண்டை முடிந்ததா? இல்லை. இன்னும் இருபது வருசம் ஓடியது. 1986 ஜூன் 30-இல் ஒப்பந்தம் போட்டு, அதே லால்டெங்காவை முதலமைச்சர் நாற்காலியில் உட்கார வைத்து, அடுத்த வருசம் தனி மாநிலமும் கொடுத்த பிறகுதான் அமைதி வந்தது.

இந்த யோசனை மலேயாவில் வெள்ளைக்காரன் செய்தது. 1950-க்குப் பிறகு சுமார் அஞ்சு லட்சம் பேரைப் 'புதுக் கிராமங்களுக்கு' மாற்றினான். அங்கே அது எடுபட்டது என்பார்கள். கூடவே சுதந்திரமும் குடியுரிமையும் கொடுத்ததைச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்கா அதை 1962-இல் வியட்நாமில் காப்பி அடித்தது, ரெண்டே வருசத்தில் கையைச் சுட்டுக்கொண்டது.

நம்ம ராணுவமே இதைப் பாடமாகக் கற்றுக்கொண்டது. காஷ்மீரில் 1998-இலிருந்து 'சத்பாவனா' என்று பள்ளிக்கூடம், மருத்துவ முகாம் நடத்துவது தர்மத்துக்காக மட்டுமா? ஊர் மனசு இல்லாமல் இந்தப் போரை ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததால்தான். நம்ம ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய் அங்கே நின்ற அண்ணன்களைக் கேளுங்க, விளக்கமாகச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டிலேயே வாச்சாத்தி இல்லையா? 1992-இல் சந்தனக்கட்டை தேடப் போனவர்கள் மலைமக்களை எதிரியாக நடத்தினார்கள். 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். 2011-இல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முப்பது வருசம்!

இப்போ நம்ம மலைக்கு வருவோம். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்தார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மூலவைகை பிறக்கிற காடு தப்பிக்கணும், அதில் நமக்கு ரெண்டு கருத்து இல்லை. ஆனா 2006 வன உரிமைச் சட்டம் என்ன சொல்லுது? உரிமைக் கோரிக்கைகளை விசாரித்து முடிக்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. புலிகள் காப்பகத்திலேயே ஆனாலும் கிராம சபை சம்மதம் இல்லாமல் நகர்த்தக் கூடாது.

பளியர் மக்களுக்குப் பழங்குடி என்ற முறையில் இந்தச் சட்டம் நேராகவே கைகொடுக்கும். வருசநாட்டு விவசாயிகள் நிலைதான் சிக்கல். பழங்குடி அல்லாதவர்கள் 2005-க்கு முன்னாலேயே 75 வருசம் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததாக நிரூபிக்கணும். பலர் சுதந்திரத்துக்குப் பிறகு மலையேறியவர்கள். மூணு தலைமுறைக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? இங்கேதான் அரசு உட்கார்ந்து பேசணும். மாற்று நிலம் என்றால் எங்கே, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுத்தில் கொடுக்கணும். ஜேசிபி முதலில், பேச்சு அப்புறம் என்பது மிசோரம் பாதை.

காட்டுக்குள் புது ஆள் கால் வைத்தால் முதலில் தெரிவது யாருக்கு? தேனெடுக்கப் போற பளியருக்கும், ஆடு மேய்க்கிற தாத்தாவுக்கும்தான். அவர்களை விரட்டிவிட்டு எத்தனை கேமரா கட்டுவீர்கள்?

கடமலை-மயிலை ஒன்றியத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கு. அடுத்த கிராம சபைக்குத் தவறாமல் போங்க. வன உரிமைக் குழு இருக்கா, எத்தனை மனு நிலுவையில் கிடக்கு என்று கேளுங்க. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஒன்றியப் பொறுப்பாளரிடம் சேருங்க.

#வருசநாடு #வனஉரிமை