கையொப்பத்திற்கு முன் வேண்டும் துணை

தாயம் என்பது நம் மொழியிற் பழஞ்சொல். தந்தைவழி வரும் உரிமைப்பொருளை அது குறிக்கும். அப்பொருளைப் பகிர்ந்துகொள்ளும் உறவினரைத் தாயத்தார் என்றும் தாயாதிகள் என்றும் முன்னோர் வழங்கினர். இற்றைநாளில் தாயாதி என்ற மாத்திரத்தில் உறவினும் பகையே முதலில் நினைவுக்கு வருகின்றது. ஒரு சொல் இங்ஙனம் திரிவதற்கு எத்தனை வீடுகள் பிளவுபட்டிருத்தல் வேண்டுமென்று, வகுப்பில் அமர்ந்திருக்கையில் யான் பலகால் எண்ணியதுண்டு.

எமது ஊர் திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம் வட்டத்திலுள்ள வெள்ளகோவில். வானம் பார்த்த பூமி. கிளுவை வேலி சூழ்ந்த கொரங்காடுகளிற் காங்கேயம் மாடுகள் மேயும். முருங்கைக்காய்ச் சந்தையும், எண்ணெய் ஆலைகளும், விசைத்தறிகளும் ஊருக்குச் சோறிடுகின்றன. ஒரு காலத்தில் மேய்ச்சலுக்கன்றி வேறெதற்கும் உதவாதென்று கருதப்பட்ட நிலம், கோவையிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடந்த ஒரே காரணத்தால் இன்று பெருவிலை பெறுகின்றது. விலை ஏறிய நாள் முதலாகத்தான் உடன்பிறந்தோரிடையே வேலித் தகராறுகளும் ஏறின.

எங்கள் தெருவில் விசைத்தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் உளர். அவரை யான் பெரியம்மா என்றழைப்பது வழக்கம். 2012-இல் அவர் தந்தையார் காலமானார். கருமாதி முடிந்து ஒரு திங்கள் கழியுமுன் அண்ணன்மார் இருவரும் அவரை வண்டியில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றனர். “பட்டா மாத்தோணும்னாங்க கண்ணு, போட்டுட்டேன்” என்று அவர் என்னிடம் சொன்னார். அவர் கையொப்பமிட்டது விடுதலைப் பத்திரம் என்பது 2016-இல் அண்ணன்மார் அந்நிலத்தின்மேற் கடன் வாங்கியபோதுதான் வெளிப்பட்டது. வழக்கென்று போனால் பிறந்தகத்து வாயில் அடைபடுமே, மகள் திருமணத்திற்குத் தாய்மாமன் சீர் வாராதே என்று அஞ்சி வாளாவிருந்தார். 2021-இல் ஒருவாறு துணிந்து வழக்கறிஞரிடம் சென்றபோது அவருக்குக் கிடைத்த விடை, உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் பத்திரத்தை நீக்கக் கோரியிருத்தல் வேண்டும், காலம் கடந்தது என்பதே. சட்ட நுணுக்கம் வேறு வழியும் காட்டக்கூடும். ஆயின் அதனைத் தேடித் திரியும் பணமும் நெஞ்சுரமும் அவரிடத்து இல்லை.

சட்டம் அவருக்கு எதிராக இருந்ததோ? இல்லை. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்டிர்க்குச் சொத்தில் ஒத்த உரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அறுபதாண்டு கழித்துத் தமிழ்நாட்டுச் சட்டம், 1989 மார்ச் 25 முதல், கூட்டுக்குடும்பத்துப் பிதிரார்ஜிதச் சொத்தில் மகளையும் மகனோடொத்த பங்காளியாக்கிற்று. ஆயினும் அந்நாளுக்கு முன்னரே மணமானவர்க்கு அவ்வுரிமை இல்லையென்று ஒரு கதவைச் சாத்தி வைத்தது. அக்கதவை 2005-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திருத்தம் திறந்தது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருத்தல் வேண்டுமோ என்ற ஐயத்தை 2020 ஆகஸ்டு 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: மகளுக்கு அவ்வுரிமை பிறப்பால் வருவதாதலின் வேண்டுவதில்லை என்றது. இத்தனையும் பெரியம்மாவுக்குச் சார்பானவையே. இவையனைத்தையும் ஒரு கையொப்பம் துடைத்தெறிந்தது. பதிவு அலுவலர் ஆளை அடையாளங்கண்டு, எழுதிக்கொடுத்தது நீரேயோ என்று கேட்பார். ஆமென்றால் பத்திரம் பதிவாகும். கையொப்பமிடும் அம்மையார் இதனால் இழப்பது யாதென்று அவரைத் தனியே அமர்த்திச் சொல்வார் அங்கு எவருமிலர்.

பத்திரத்தின் மொழியை ஒரு சிறிது நோக்குவோம். அப்பத்திரப் படியை யான் வாங்கிப் படித்தேன். நிறுத்தற்குறியே இல்லாத ஒரே வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடுகின்றது. சர்வ சுதந்திர பாத்தியம், வில்லங்க சுத்தி, புத்திர பௌத்திர பாரம்பரியம் என்று அடுக்கடுக்காக வருகின்றன. மூன்றாண்டு தமிழிலக்கணம் பயின்ற எனக்கே இருமுறை படித்தபின்தான் எழுவாய் அகப்பட்டது! புத்திர பௌத்திர என்றால் மகனும் மகன் மகனும் என்று விளக்கினேன். “அப்ப நம்ம புள்ளைக?” என்றார் பெரியம்மா. புத்திரி என்ற சொல்லுக்கு அவ்வாய்பாட்டில் இடமே இல்லை.

நம் மொழியின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள் முன்சீபாக இருந்தவர். சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழிலாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1860-களில் வெளியிட்டார். பிரதாப முதலியாரைப் பாடமாகப் படிக்கும் நாம் இந்நூலின் பெயரையேனும் கேள்வியுற்றதில்லை. தீர்ப்புகள் தமிழில் வேண்டுமென்று அவருக்கு அன்று தோன்றியது. பத்திரத் தமிழோ இன்றும் எழுதிக்கொடுப்பவர்க்கு விளங்காத் தமிழாகவே உள்ளது.

உதவி இல்லையென்று சொல்லுதலும் பொய்யாகும். 1987-இல் இயற்றப்பெற்று 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்டிர்க்கு அவர்தம் வருமானம் எத்துணையாயினும் கட்டணமின்றிச் சட்ட உதவி உண்டென்கிறது. ஆலைத் தொழிலாளர்க்கும் அங்ஙனமே. அச்சட்டம் உதவியென்று கூறுவது வழக்கு நடத்துதலை மட்டுமன்று. எந்தச் சட்டப் பொருளிலும் ஆலோசனை கூறுதலும் அதனுள் அடங்கும். ஆகவே பெரியம்மா கையொப்பமிடுமுன் அப்பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காசின்றிக் காட்டும் உரிமை உடையவராயிருந்தார். 15100 என்ற தொலைபேசி எண்ணில் அழைத்தாலும் வழி கேட்கலாம். இவற்றை அவர் அறியார். யானும் சென்ற ஆண்டுவரை அறியேன்.

மக்கள் நீதிமன்றங்களைப் பலரும் புகழ்கின்றனர். சமரசம் ஏற்பட்டால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்; முடிவின்மேல் முறையீடு கிடையாது. பாகப்பிரிவினை வழக்கிற்கு ஏற்றதுதான். எனினும் அண்ணன் தங்கை வழக்கிற் சமரசமென்பது பெரும்பாலும் தங்கை விட்டுக்கொடுப்பதாகவே முடிகின்றதென்பது என் கருத்து. முறையீடில்லாத இடத்திற்குப் போகுமுன் தனக்கு எவ்வளவு பங்குண்டென்று அவள் தெரிந்து போதல் வேண்டும்.

குடும்ப அறக்கட்டளைகளின் நிலையும் இதுவே. நிலத்தை அன்னதானத்திற்கென்றோ சந்ததியார் கல்விக்கென்றோ எழுதிவைத்து மூத்த மகனை டிரஸ்டியாக்குவர். இருபதாண்டில் அவர் அதனைத் தம் சொந்தப் பொருளாகவே ஆண்டுகொண்டிருப்பார். தருமத்தைப் பற்றிக் கேட்பது பாவமென்று ஏனையோர் வாய்திறவார். 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுச் சட்டப்படி, தனிக்குடும்பத்து டிரஸ்டில் பயன்பெறுதற்குரிய எவரும் கணக்கைக் காட்டுமாறு கேட்கலாம். டிரஸ்டி அதனால் தனக்கு ஆதாயம் தேடலாகாது. கோயிலொழிந்த பிற பொதுத் தருமமாயின், அக்கறையுடையார் இருவர் கூடி நீதிமன்ற அனுமதியோடு வழக்கிடலாம்.

பெண்ணுக்குத்தான் சீரும் நகையும் கொடுத்தாயிற்றே, மேலும் பங்கு கேட்டுக் குடும்பத்தைக் கெடுப்பதோ என்று கேட்பவர் பலர். அவர்கள் மனத்தில் கபடமில்லை. கொங்குநாட்டு மணங்களில் மணமகனின் உடன்பிறந்தாளுக்கு நடைபெறும் இணைச்சீர் அவர்கள் பாசத்திற்குச் சான்று. ஆயின் சீர் கொடுத்த கணக்கும் பங்கின் கணக்கும் எங்கேனும் ஒரே தாளில் எழுதப்பட்டதுண்டோ? யாழ்ப்பாணத்துத் தேசவழமை, 1707-இல் ஒல்லாந்தர் தொகுத்தபடி, சீதனம் பெற்ற மகளுக்குப் பெற்றோர் முதுசொத்தில் உரிமையில்லையென்றது. ஆனால் ஆங்குச் சீதனமென்பது நிலமும் வீடுமாக அவள் பேரில் எழுதப்படுவது. அதன் நியாய அநியாயம் வேறு. கொடுத்ததும் மறுத்ததும் வெளிப்படையாக இருந்தன. இங்கோ மறுப்பு மட்டுமே எழுத்திலுள்ளது.

நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் இதில் மேம்பட்டவை என்று இறுமாத்தல் வேண்டா. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் ஒத்த பங்கே வகுத்தது. அங்ஙனமிருந்தும் 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்ச் சட்டம், மகளுக்கு மகன் பங்கில் நாலிலொன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுட் குறைந்ததே என்று வைத்திருந்ததை 1986-இல் மேரி ராய் அம்மையார் உச்ச நீதிமன்றம் வரை சென்றே ஒழிக்க வேண்டியிருந்தது. அவர் வழக்கிட்டது உடன்பிறந்தாரோடுதான்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவினர் சட்டத் தன்னார்வலர் என்னும் தொண்டர்களைத் தேர்ந்து பயிற்சியளிக்கின்றனர், மாணவரும் சேரலாம். பத்திரத் தமிழைப் பிரித்துப் பொருள் சொல்லத் தமிழ் மாணவரினும் தக்கார் யாவர்? சட்ட ஆலோசனை கூறுதல் நம் வேலையன்று. இது விடுதலைப் பத்திரம், இதில் உன் பங்கை விடுகின்றாய், கையொப்பமிடுமுன் இன்ன இடத்தில் இலவசமாகக் கேள் என்று மூன்று வாக்கியம் சொல்லுதல் நம்மால் இயலும். வரும் கோடை விடுமுறையில் யான் பெயர் கொடுக்க எண்ணியுள்ளேன். பெரியம்மாவும் தம் தறிக்கூடத்துப் பெண்டிர் நால்வரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கின்றார். அவருள் ஒருவரின் தந்தையார் தை மாதத்தில்தான் இறந்தார், பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. உடன்வர விழையும் தோழர் இம்மலரின் ஆசிரியர் குழுவினரிடம் தெரிவிக்கலாம்.